கூப்பிடாத வரிசை

மைக்கக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தது பேருந்து நிலையம். எந்த வண்டி எந்த நடைமேடை என்று பதினாறு வருடம் அங்கே அறிவிப்பு அறையில் உட்கார்ந்து சொன்னவள். பிறகு ஒரு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது தண்ணீர் குடிக்காது, விடுப்பு கேட்காது, தொண்டை கட்டாது. வேலை போய்விட்டது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். பெயர் மட்டும் அவளோடு கிளம்பி வந்தது.

கோளரங்கத்தில் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. இருட்டில் குழந்தைகளை உட்கார வைத்து, தலைக்கு மேல் வளைந்த கூரையில் வானத்தைக் காட்டி, அருகில் உட்கார்ந்து கதை சொல்வது போல விளக்க வேண்டும். ஒப்பந்த வேலைதான். பதினோரு மாதம் முடிந்ததும் ஒரு நாள் வீட்டில் இருந்துவிட்டு, மறுநாள் புதிதாகச் சேர்பவள் போல வந்து கையெழுத்துப் போட வேண்டும். கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று தெரியாத அந்த ஒரு நாள் இருக்கிறதே, அதில்தான் அவளுக்குப் பாதி முடி நரைத்தது. மீதி முடி நரைக்க இப்போது புதிய இயக்குநர் வந்திருந்தார்.

அவர் கெட்டவர் இல்லை. வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். ஆனால் வந்த மாதத்திலேயே, "மேடம், உலகம் பூரா இப்ப ரெக்கார்டட் வாய்ஸ்தான். ஒரு தடவ பதிவு பண்ணிட்டா தப்பே வராது," என்றார். ஒரு இயந்திரத்திடம் ஏற்கெனவே தோற்றவளுக்கு இன்னொரு இயந்திரம் வருகிறது என்றால் எப்படி இருக்கும்?

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் பிரிட்ஜ் மெக்கானிக். ஒரு பழைய பிரிட்ஜின் வயிற்றுக்குள் தலையை விட்டபடியே கேட்டார்.

"தப்பே வராதாமா? என்கிட்ட வர்ற மிஷின் எல்லாம் தப்பு வந்துதானே வருது?"

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. இந்த வேலையும் போச்சுன்னா எனக்கு வேற என்ன தெரியும், சொல்லுங்க? பேசத்தானே தெரியும்?"

அவர் தலையை வெளியே எடுத்தார். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

இயக்குநர் நியாயமாகத்தான் நடந்துகொண்டார். ஒரு காட்சியை முழுசாக உட்கார்ந்து பார்க்கிறேன், பிறகு முடிவெடுக்கிறேன் என்றார். எந்தக் காட்சி என்பதை அவளே தேர்ந்தெடுக்கலாம். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. கண்ணாடி மழைக் கோள் என்றாள்.

அந்தக் கோள் உண்மையில் இருக்கிறது. அதன் பெயர் எச்.டி. 189733 பி. பெயரைச் சொன்னதுமே குழந்தைகள் "வண்டி நம்பர்!" என்று கத்துவார்கள். பேருந்து நிலையத்தில் இருந்தவளுக்கு அது பிடிக்கும். நரி மண்டலத்தின் பக்கம், ஒளி போய்ச் சேரவே அறுபத்து நான்கு வருடத்துக்கு மேல் ஆகும் தூரத்தில் அது சுற்றுகிறது. வியாழனைவிடக் கொஞ்சம் பெரியது. தன் நட்சத்திரத்தை அப்படி ஒட்டிச் சுற்றுவதால் அங்கே ஒரு வருடம் என்பது நம் கணக்கில் இரண்டு நாள், ஐந்து மணி நேரம். சூடு ஆயிரம் டிகிரிக்குப் பக்கம். காற்று மணிக்கு எட்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கடல் போல நீலம். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர்க் கடல் கிடையாது. மேகத்தில் மிதக்கும் மணல் சத்துதான் அந்த நீலத்தைக் காட்டுகிறது என்கிறார்கள். அந்தச் சத்து உருகிக் கண்ணாடித் துளியாகி, அந்தக் காற்றில் மேலிருந்து கீழே விழாமல் பக்கவாட்டில் பெய்யலாம் என்பதும் விஞ்ஞானிகளின் கணக்கு. போதாக்குறைக்கு அழுகிய முட்டை நாற்றம் தரும் வாயுவும் அங்கே இருப்பதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். "மூக்கப் பொத்திக்கோங்க, இறங்கப் போறோம்," என்பாள் மைக்கக்கா. நூறு மூக்குகள் ஒன்றாகப் பொத்தப்படும்.

இவ்வளவும் தகவல். ஆரம்ப நாட்களில் அவள் தகவலை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்தாவது நிமிடத்தில் பின் வரிசையிலிருந்து குறட்டை வரும். குழந்தைகள் இல்லை, ஆசிரியர்கள். குழந்தைகள் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவள் ஒரு கதையை எடுத்துவிட்டாள்.

அந்தக் கோளின் ஒரு பக்கம் எப்போதும் நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், மறுபக்கத்தில் எப்போதும் இரவு என்பது கணக்கு. அந்த இரவுப் பக்கத்தில் ஒரு சூளைக்காரி குடியிருக்கிறாள் என்பது மைக்கக்கா திரித்த கயிறு. பகல் பக்கத்தில் உருகிய கண்ணாடியெல்லாம் காற்றில் பறந்து வந்து அவள் வாசலில் விழும். அவள் கூட்டிக் கூட்டி மூட்டை கட்டுவாள். இரண்டு நாளுக்கு ஒரு வயது கூடுவதால் அவளிடம் வயதைக் கேட்கக் கூடாது, கேட்டால் கோபம் வரும். கோபம் வந்தால் சூளையைத் திறந்துவிட்டு, "புகை வருது, ஓடுங்க! எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கத்துவாள். பயந்து எழுந்தவர்கள் தோற்றார்கள். சிரித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆளுக்கொரு நீலக் கண்ணாடித் துண்டு. அதாவது கூரையிலிருந்து ஒரு நீல ஒளி வந்து அவர்கள் மடியில் விழும். அன்றைக்கு ஒரு குழந்தைகூட யாரையும் கிள்ளவில்லை.

சிக்கல் மூன்று மாதம் கழித்து வந்தது. ஒரு ஆசிரியை விடைத்தாளோடு வந்து நின்றார். வெப்பக் கோள் ஒன்றைப் பற்றி எழுதுக என்ற கேள்விக்கு, அங்கே ஓர் அம்மா கண்ணாடி கூட்டிக்கொண்டிருக்கிறார் என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். பழைய இயக்குநர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"கதை சொல்லுங்கம்மா, நான் வேணாங்கல. ஆனா அது கதைன்னு தெரியணும்."

மறுநாளே வயர்மேன் ஒரு சிவப்பு விளக்கை அவள் மேஜைக்கு மேலே மாட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு காட்சியும் இப்படித்தான் தொடங்கும். "பிள்ளைங்களா, டார்ச்சுல அம்புக்குறி காட்டி நான் சொல்றதெல்லாம் நிஜம், எழுதி வச்சுக்கலாம். இந்தச் சிவப்பு லைட் எரிஞ்சா நான் சொல்றது பூரா கட்டுக்கதை. நம்பாதீங்க, சிரிங்க. சரியா?" சரி என்று கூரை அதிரும். இந்தச் சட்டமும் சூளைக்காரியின் விளையாட்டும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்கள் முழுக்கப் பரவியிருந்தன. வகுப்பில் ஒருவன் புளுகினால் மற்றவர்கள், "சிவப்பு லைட்டு, சிவப்பு லைட்டு," என்பார்கள்.

இயக்குநர் பார்க்க வந்தது ஒரு புதன்கிழமை காலைக் காட்சி. நூற்று நாற்பத்து இரண்டு குழந்தைகள், நான்கு ஆசிரியர்கள், எட்டு வரிசை. இயக்குநர் எட்டாவது வரிசையில் ஓரமாக ஒரு குறிப்பேட்டோடு உட்கார்ந்தார். மைக்கக்கா பின்சுவரை ஒட்டியிருந்த தன் மேஜைக்குப் போனாள். விளக்குகளை அணைத்துக் காட்சியைத் தொடங்கிய பிறகு, டிக்கெட் கிழிப்பவர் ஒரு சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். கழிப்பறைக்குப் போய்த் தாமதமாகிவிட்டதாம். வரிசையில் இடம் தேட முடியாத இருட்டு. மேஜைக்குப் பின்னால் சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்துவிட்டு, "அக்கா, பாப்பா ஒண்ணு உங்க பின்னாடி இருக்கு," என்று காதோரம் சொன்னார். மைக்கக்கா தலையை ஆட்டினாள். ஆட்டியது பிறகு எல்லா நாளும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

காட்சி நன்றாகவே போயிற்று. வண்டி நம்பர், காற்று, நீலம், முட்டை நாற்றம், எல்லாவற்றையும் அம்புக்குறி டார்ச்சால் கூரையில் காட்டிக் காட்டிச் சொன்னாள். எண்ணில் ஒரு பிசகு வரவில்லை. இயக்குநர் ஏதோ எழுதுவது மங்கலாகத் தெரிந்தது. பிறகு சிவப்பு விளக்கைப் போட்டாள். குழந்தைகள் "ஹே!" என்றார்கள். சூளைக்காரி கூட்டத் தொடங்கினாள்.

மூட்டை கட்டுகிற இடத்தில் அவள் மூக்கில் அது ஏறியது. வயர் கருகும் வாடை. அரங்கின் நடுவில் ஒரு குழிக்குள் புரொஜெக்டர் இருந்தது. வாடை அங்கிருந்துதான் வந்தது. முன் வரிசையில் ஒரு சிறுவன், "முட்டை நாத்தம் வந்துடுச்சு!" என்று கத்த, பத்துப் பேர் கைதட்டினார்கள். அவள் பேச்சை நிறுத்தினாள். குழியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு இழை எழுந்தது. பிறகு அது இழையாக இல்லை.

வெளியே வயர்மேனுக்கும் வாடை எட்டியிருக்க வேண்டும். அவர் ஓடிப்போய் மெயினை இறக்கினார். வானம் அணைந்தது, மைக் செத்தது, குளிர்சாதனத்தின் முனகல் நின்றது. உடனே மின்சாரம் போனால் தானாக எரியும் பேட்டரி விளக்குகள் சுற்றிலும் எரிந்தன. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கூசக் கூடாது என்று அந்த விளக்குகளும் சிவப்பாகத்தான் வாங்கப்பட்டிருந்தன. கதை விளக்கு அதே பெட்டியிலிருந்து எடுத்த ஒன்று. இத்தனை வருடத்தில் ஒரு அறிவாளிக்கும் அது தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

அரங்கம் முழுக்கச் சிவந்துவிட்டது. குழந்தைகளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"எல்லாரும் எழுந்திரிங்க," என்றாள். மைக் இல்லாத வெறுங்குரல். "புகை வருது. வெளிய போகணும். எழுந்திரிங்க!"

ஒருவரும் எழவில்லை. கிளுகிளு என்று சிரிப்பு கிளம்பியது. சிலர் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். எழுந்தால் தோற்றுப்போவார்களே.

"ஐயோ, கதை இல்ல கண்ணுங்களா! நிஜமாவே புகை! ஓடுங்க!"

சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. அவள் ஒவ்வொரு காட்சியிலும் சூளைக்காரியின் குரலில் கத்துகிற அதே சொற்கள். வித்தியாசம், இன்றைக்கு நடிப்பு இன்னும் பிரமாதமாக இருந்தது. நடு வரிசையில் இருந்த ஆசிரியை புன்னகையோடு ஒரு குழந்தையை, "அசையாதே," என்று அழுத்தி உட்கார வைத்ததை அவள் கண்ணால் பார்த்தாள். எட்டாவது வரிசையில் இயக்குநரும் கால்மேல் கால் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.

இத்தனை வருடம் தன்னை நம்பாதே என்று பாடம் நடத்தியவள் அவள்தான். பாடத்தை நூற்று நாற்பத்து இரண்டு பேரும் மிக நன்றாகப் படித்திருந்தார்கள். குழியிலிருந்து வந்த புகை கூரையைத் தொட்டு, வளைவில் சறுக்கி, பின் வரிசைகளின் மேல் இறங்க ஆரம்பித்தது. யாரோ ஒரு குழந்தை இருமியது. அதற்கும் சிரித்தார்கள்.

சிவப்பு எரியும் வரை நான் என்ன கத்தினாலும் பொய்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

பேட்டரி விளக்குகளை அணைக்கும் பித்தான் மேஜைக்கு அடியில் இருந்தது. பல்பு மாற்றும்போது மட்டும் தொடுவது. புகைக்குள் இத்தனை குழந்தைகளைக் கும்மிருட்டில் தள்ளினால் என்ன ஆகும்? ஒருவர்மேல் ஒருவர் விழுந்து மிதித்துக்கொண்டால்? விரல் பித்தானின் மேல் நின்றது. அழுத்தினாள்.

இருட்டு. சிரிப்பு பட்டென்று நின்றது. ஒரு குழந்தை "அம்மா" என்றது. அழுகை கிளம்பி மற்றவர்களுக்குப் பரவுவதற்குள் அவள் அம்புக்குறி டார்ச்சை எடுத்துப் போட்டாள். வெள்ளை அம்பு ஒன்று இடது கதவின் மேல் போய் நின்றது.

"கவனிங்க," என்றாள். கத்தவில்லை. நடைமேடை எண்ணைச் சொல்லும் பழைய குரல், ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "இந்த அரங்கத்துக்குக் கதவு ரெண்டு. இது இடது கதவு. முதல் வரிசையிலிருந்து இருபத்தி ரெண்டு அடி தூரம். வெளியே ஒன்பது படி. மின்சாரக் கோளாறால புகை வந்திருக்கு. இது தகவல். நான் வரிசை எண் சொல்வேன். உங்க எண்ணைச் சொன்னா மட்டும் எழுந்து, குனிஞ்சு, முன்னால இருக்கறவங்க தோளைப் பிடிச்சு நடக்கணும். எண் சொல்ற வரைக்கும் யாரும் எழக் கூடாது. வரிசை எட்டு."

புகை அதிகம் இறங்கியிருந்தது எட்டில். ஒரு நொடி ஒன்றும் அசையவில்லை. பிறகு நாற்காலிகள் தடதடவென்று மடங்கின.

"வரிசை ஏழு."

அம்பு தரையில் அவர்களுக்கு முன்னால் ஊர்ந்து வழி காட்டியது. அவர்கள் அதன் பின்னாலேயே போனார்கள். ஆறு. ஐந்து. அவள் தொண்டை எரிந்தது. ஒவ்வோர் எண்ணுக்கும் நடுவில் சேலைத் தலைப்பை மூக்கில் அழுத்தி மூச்சை இழுத்துக்கொண்டாள். நான்கு. மூன்றாவது வரிசையில் ஒரு குழந்தை விழுந்தது, ஓர் ஆசிரியை அள்ளி எடுத்துக்கொண்டார். இரண்டு. ஒன்று. கடைசிக் குழந்தையின் முதுகில் கையை வைத்துத் தள்ளிக்கொண்டு அவளும் வெளியே வந்தாள். வெயிலைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்து இருமினாள்.

ஆசிரியைகள் எண்ணினார்கள். நூற்று நாற்பத்து ஒன்று.

"திரும்ப எண்ணுங்க டீச்சர்," என்றார் வயர்மேன்.

திரும்ப எண்ணினார்கள். நூற்று நாற்பத்து ஒன்று. மைக்கக்காவுக்கு அந்த எண் காதில் விழுந்ததுமே தெரிந்துவிட்டது. பின்னால், சுவரோரம், பிளாஸ்டிக் நாற்காலி.

வயர்மேன் கையைப் பிடித்தார். "அக்கா, வண்டி வந்துக்கிட்டே இருக்கு, தீயணைப்பு ஆளுங்க போவாங்க." அவள் உதறிவிட்டு ஓடினாள். உள்ளே டார்ச் வெளிச்சம் ஒரு முழத்துக்கு மேல் போகவில்லை. நாற்காலி முதுகுகளைத் தடவித் தடவி, முட்டி போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மேஜையை அடைந்தாள். சிறுமி நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். பாவாடையை எடுத்து மூக்கை மூடியிருந்தாள். கண்ணீர் கன்னத்தில் கோடாக இறங்கியிருந்தது. அவ்வளவு பக்கத்தில், கையை நீட்டினால் தொடும் தூரத்தில்.

"எழுந்திரு கண்ணு! ஏன் இங்கேயே இருக்க?"

இருமலுக்கு நடுவில் அவள் சொன்னாள். "என் வரிசைய நீங்க இன்னும் கூப்பிடலையே ஆன்ட்டி."

தூக்கிக்கொண்டு வந்ததை மைக்கக்கா பிறகு எத்தனை முறை நினைத்தும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அந்த ஒரு வாக்கியம் மட்டும் நினைவிருந்தது.

சிறுமி இரண்டு இரவு மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனாள். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் செய்தித்தாளில் மைக்கக்காவின் படம் வந்தது. விளக்கை அணைத்துவிட்டு வெறுங்குரலால் நூற்று நாற்பத்து இரண்டு குழந்தைகளை வெளியே கொண்டுவந்த பெண்மணி. கணவர் அதைக் கத்தரித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டினார். வந்த பிரிட்ஜுக்கெல்லாம் காட்டியிருப்பார் போல.

இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். "மேடம், நான் ரெக்கார்டிங் பேச்சையே விட்டுட்டேன். எந்த மிஷினுக்கு அந்த யோசனை வரும்? உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிட்டேன். விசாரணை முடிஞ்சதும் ஆர்டர்." பிறகு அறிக்கையை நீட்டினார். அதில் ஒரு வரி: ஒரு குழந்தை, அறிவிப்பு காதில் விழாததால், சற்றுத் தாமதமாக மீட்கப்பட்டது.

அவள் அந்த வரியைப் படித்தாள். இயக்குநர் பேனாவைத் திறந்து கொடுத்தார். பன்னிரண்டு வருடம் காத்திருந்த ஆர்டர் அந்தப் பேனாவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். குழந்தை பிழைத்துவிட்டது, இனி யாருக்கு என்ன நஷ்டம் என்று வீடு வரும் வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

விசாரணை அடுத்த வெள்ளிக்கிழமை, கோளரங்க நூலக அறையில். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: தலைமை அலுவலகத்து அம்மா, ஒரு பொறியாளர், ஒரு தீயணைப்பு அதிகாரி. தலைமை அலுவலகத்து அம்மா முன்னால் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று விபத்து. மற்றொன்று மெலிதானது, மைக்கக்காவின் பெயர் எழுதியது. அதில் ஆர்டர் தயாராக இருக்கிறது என்று இயக்குநர் கண்ணாலேயே சொன்னார்.

விளக்கு விஷயத்தை எல்லாரும் வியந்து வியந்து கேட்டார்கள். இனிமேல் அந்தப் பேட்டரி விளக்குகள் பச்சையாக இருக்க வேண்டும் என்று பொறியாளர் குறித்துக்கொண்டார். தீயணைப்பு அதிகாரி, "ஒரு நிமிஷத்துக்கு மேல உக்காந்தே இருந்திருக்காங்க. நீங்க மட்டும் லைட்டை அணைக்கலேன்னா..." என்று நிறுத்தினார். இயக்குநர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டார். தானும் உட்கார்ந்திருந்ததை அவர் எங்கேயும் எழுதவில்லை.

பிறகு சிறுமியை அழைத்தார்கள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மைக்கக்காவைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு. இன்னும் லேசாக இருமல் இருந்தது.

"பாப்பா, ஆன்ட்டி கூப்பிட்டது உனக்குக் கேக்கலையா?" என்றார் தலைமை அலுவலகத்து அம்மா.

"எல்லாம் கேட்டுச்சு. எட்டு, ஏழு, ஆறு... ஒண்ணு வரைக்கும் கேட்டுச்சு. என்னோடது சொல்லல."

"உன்னோடது எந்த வரிசை?"

"தெரியல. நான் பின்னாடி தனியா இருந்தேன். என் நம்பர் வரும்னு இருந்தேன்."

தலைமை அலுவலகத்து அம்மா கனிவாகத்தான் சிரித்தார். "பயத்துல அதுக்குக் குழம்பியிருக்கும். பாவம். புகை, இருட்டு. கடைசியில 'எல்லாரும் வாங்க'ன்னு சொன்னது காதுல விழுந்திருக்காது."

"நானும் அதான் சொன்னேன் மேடம்," என்றாள் சிறுமியின் அம்மா. "ஸ்கூல்லயும் டீச்சருங்க எல்லாரும் இவளுக்குக் காது மந்தமோன்னு கேட்டாங்க. காது டாக்டர்கிட்ட காட்டினோம். டெஸ்ட்டுல ஒண்ணும் தெரியலயாம். பெரிய டாக்டர்கிட்ட போகச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்காங்க, திங்கக்கிழம போறோம். இவ என்னடான்னா கேட்டுச்சு கேட்டுச்சுன்னு அதையே சொல்லிட்டு இருக்கா. பொய் சொல்லாதடீன்னு நேத்து ரெண்டு போட்டுட்டேன்."

சிறுமி தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தபடியே கண்ணை மட்டும் உயர்த்தி மைக்கக்காவைப் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. அன்றைக்கு இருட்டில் உட்கார்ந்திருந்தவள் எப்படிக் காத்திருந்தாளோ அப்படி, இப்போதும் இவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள்.

"சரி, இதை இதோட முடிச்சுக்கலாம்," என்று தலைமை அலுவலகத்து அம்மா முதல் கோப்பை மூடினார். அவர் கை மெல்லிய கோப்பின் பக்கம் போயிற்று.

"பாப்பா சொல்றது சரி," என்றாள் மைக்கக்கா.

எல்லோரும் திரும்பினார்கள். இயக்குநர் தலையை லேசாக, வேண்டாம் என்பது போல ஆட்டினார்.

"நான் கூப்பிடல. 'எல்லாரும் வாங்க'ன்னும் சொல்லல. எண் சொல்ற வரைக்கும் எழக் கூடாதுன்னு மட்டும் சொன்னேன். அவ உக்காந்திருந்த நாற்காலிக்கு எண்ணே கிடையாது. என் முதுகுக்குப் பின்னாடி இருந்தா. அங்க ஒரு குழந்தை இருக்குன்னு காட்சி தொடங்கும்போதே என்கிட்ட சொன்னாங்க, நானும் தலையாட்டினேன். அப்புறம் மறந்துட்டேன். அவளை உள்ள விட்டுட்டு நான் வெளிய வந்துட்டேன். அறிக்கையில இருக்கறது பொய்னு தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்."

தலைமை அலுவலகத்து அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நீங்க சொல்றதை நான் அப்படியே பதிவு பண்ணணும். அப்படிப் பண்ணினா இந்த ஆர்டர்ல நான் கையெழுத்துப் போட முடியாது. ஒப்பந்தம் நீட்டிக்கறதும் சிரமம். புரியுதா?"

"புரியுது. பதிவு பண்ணுங்கம்மா."

அவர் மெல்லிய கோப்பை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, முதல் கோப்பைத் திரும்பவும் திறந்தார். மைக்கக்காவுக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. இனி என்ன வேலை, யாரிடம் போய்க் கேட்பது, கணவரிடம் எப்படிச் சொல்வது, எல்லாம் சேர்ந்து வந்தன. எழுந்து போய்ச் சிறுமியின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"கண்ணு, நான் உன்னைக் கூப்பிட மறந்துட்டேன். தப்பு என்னோடது. நீ சொன்ன ஒவ்வொண்ணும் நிஜம்."

சிறுமி அவளைப் பார்த்துச் சரி என்று தலையாட்டினாள். பிறகு அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"பாத்தியாம்மா, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. திங்கக்கிழம டாக்டர்கிட்ட போக வேணாம்ல?"